பேர் கேட்டு வெட்டிய காலை

பெரிய ராணி லண்டனில் ஆண்டுகொண்டிருந்த காலத்தில், நார்தம்பர்லாந்தில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய எங்கள் பள்ளத்தாக்குக்கு அவருடைய சட்டம் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். இங்கே ஒரு மனிதனைக் காப்பாற்றியது அவனுடைய குடும்பப் பெயர்தான். அவன் மாட்டை யாராவது ஓட்டிக்கொண்டு போனால், அதே பேர் கொண்டவர்கள் குதிரை ஏறி வருவார்கள். அதே பேர் கொண்ட ஒருவன் எங்கோ செய்த கொலைக்கு, ஒன்றும் அறியாதவன் வழியில் வெட்டுப்படுவதும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் ஜனங்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஆற்றின் வளைவில் இருந்த கல்கோபுரமும் அதைச் சுற்றிய மேய்ச்சல் நிலமும் தார்லி குடும்பத்துக்குச் சொந்தம். கோபுரத்துத் தார்லிகள் நிலக்காரர்கள். கீழ்வீட்டுத் தார்லிகள் என்று இன்னொரு கூட்டம் இருந்தது. அந்த நிலத்தை உழுதவர்கள், ஆடு மேய்த்தவர்கள், மேலே இருந்து கூப்பிட்டால் ஈட்டியோடு ஓடியவர்கள். எந்தத் தலைமுறையில் பிரிந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பேர் மட்டும் ஒன்று.

பார்ட்டிக்கு அந்தப் பேர்கூட இல்லாமல் இருந்தது. கோபுரத்துப் பெரியவர் ஜெரார்ட் தார்லிக்கு, பால் கறக்க வந்த எட்டி என்ற பெண்ணிடம் பிறந்தவன் அவன். நீண்ட தாடையும் சற்றே தூக்கிய புருவமும் யார் பிள்ளை என்று சொல்லிவிடும். ஆனால் ஜெரார்டின் மனைவி இருந்தவரை அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. 'எட்டி மகன் பார்ட்டி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஜெரார்ட் இறந்து, முறையான மகன் ரோலண்ட் கோபுரத்துக்குத் தலைவரான பிறகும் பார்ட்டி அதே தொழுவத்தில்தான் சாணம் அள்ளினான்.

ஒருமுறை எல்லை தாண்டி ஸ்காட்லாந்துப் பக்கம் மாடு திருடி ஓட்டிவரப் போனபோது ரோலண்டின் குதிரை சதுப்பில் இறங்கிவிட்டது. துரத்திவந்தவர்கள் நெருங்கியதும் கூட வந்தவர்கள் மாடுகளோடு முன்னால் போய்விட்டார்கள். பார்ட்டி மட்டும் திரும்பினான். ரோலண்டின் தலைக்கு வந்த கோடரியை இடது கையால் தடுத்தான். இரண்டு விரல்கள் அங்கேயே விழுந்தன. மிச்சக் கையோடு அந்த ஆளைச் சேற்றுக்குள் அமுக்கி, அவன் அசைவு நிற்கும்வரை முழங்காலைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை. பிறகு ரோலண்டைத் தன் குதிரையில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான்.

என்ன வேண்டுமோ கேள் என்றார் ரோலண்ட். நல்ல குதிரை கேட்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"உங்க பேரு வேணும் ஐயா," என்றான் பார்ட்டி.

ரோலண்ட் முதலில் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில், மேல்வீடு கீழ்வீடு எல்லோரும் பார்க்க, அவன் தோளில் கை வைத்து, இவன் என் தகப்பன் ரத்தம், இனி இவன் தார்லி என்று சொன்னார். பார்ட்டி அழுதுவிட்டான்.

அவன் மனைவி மேபல் அழவில்லை. அவள் வாய் அந்தப் பக்கத்தில் பிரபலம். வீட்டுக்கு வந்து அவன் கையின் கட்டை அவிழ்த்துக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு விரலுக்கு ஒரு பேரு. முழுக் கையும் போயிருந்தா கிறிஸ்துமஸ் விருந்துல மேஜைகிட்ட உக்கார வெச்சிருப்பாங்களோ என்னவோ."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. உழும்போதும் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டும்போதும் அந்தப் பேரைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று மேபல் பின்னாளில் சொல்லியிருக்கிறாள்.

தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை எங்கள் பள்ளத்தாக்குக்கும் பக்கத்துப் பள்ளத்தாக்கின் பெலிங் குடும்பத்துக்கும் பந்து விளையாட்டு நடப்பது வழக்கம். விளையாட்டு என்று பேர். தோல் பந்தை எதிராளியின் எல்லைக் கல்லுக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் விதி. பல் போகும், தோள் இறங்கும், மாலையில் எல்லோரும் ஒரே பீப்பாயில் குடிப்பார்கள்.

பார்ட்டிக்குப் பேர் கிடைத்த மறு வருடம் ரோலண்டின் ஒரே மகன் கேவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். இருபது வயது, புதுச் சட்டை. ஹம்ஃப்ரி பெலிங்கின் மகன் ஆல்பன் அவனைக் காலை வாரிச் சேற்றில் தள்ளி, மேலே உட்கார்ந்துகொண்டான். ஒரு பிடி சேற்றை எடுத்து கேவனின் வாயில் திணித்து, தார்லி வீட்டுச் சாப்பாடு எப்படி என்று கேட்டான். பெலிங்குகள் சிரித்தார்கள். அது பரவாயில்லை. கீழ்வீட்டுத் தார்லிகளும் சிரித்தார்கள்.

கேவன் எழுந்து, குதிரைகள் கட்டியிருந்த இடத்துக்குப் போனான். குட்டை வாளோடு திரும்பி வந்தான். ஆல்பன் முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். முதல் குத்து விலா எலும்புக்குக் கீழே இறங்கியது. என்ன நடந்தது என்று ஆல்பன் திரும்பிப் பார்த்தபோது இரண்டாவது குத்து கழுத்தில் பாய்ந்தது. அவன் இரு கைகளாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டான். விரல்களுக்கிடையே ரத்தம் பீறிட்டது. அவன் பேச முயன்றான், வரவில்லை.

பக்கத்தில் இருந்தவன் பார்ட்டி. கேவனைச் சட்டையோடு பிடித்து இழுத்துக் குதிரையில் ஏற்றி, பாய்ந்துவந்த இரண்டு பேரைத் தலையால் முட்டித் தள்ளி, தானும் தப்பினான். கோபுரத்தின் இரும்புக் கதவு மூடும்வரை கேவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மூடிய பிறகு, சட்டை வீணாகிவிட்டது என்றான்.

பெலிங்குகள் ஒரு வாரத்தில் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கேவன் கிடைக்கவில்லை. அவன் கோபுரத்தைவிட்டு இறங்கவே இல்லை. அதனால் கிடைத்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். வழியில் யாரைப் பார்த்தாலும் பேர் கேட்பார்கள். தார்லி என்றால் வெட்டுவார்கள். பனியில் காணாமல்போன ஆட்டைத் தேடிப் போன இடையன் ஒருவன் அப்படித்தான் செத்தான். பார்வையில்லாத ஹியூ தார்லியைக் கட்டிலோடு வைத்து வீட்டைக் கொளுத்தினார்கள். வெளியே நின்று அவருடைய சத்தம் நிற்கும்வரை காத்திருந்தார்கள். நாங்களும் சும்மா இருக்கவில்லை. பார்ட்டியும் இன்னும் சிலரும் ஆற்றுத் துறையில் ஒளிந்திருந்து, தானியம் கொண்டுபோன பெலிங்குகள் மூன்று பேரைத் தண்ணீரிலேயே ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். அதில் ஒருவன் மன்றாடினான். பார்ட்டி நிறுத்தவில்லை. பேருக்காகச் செய்ய வேண்டியது என்று நினைத்தான்.

கோடைக்குள் கீழ்வீடுகள் எல்லாம் கரியாகிவிட்டன. மிச்சமிருந்தவர்கள் கோபுரத்தின் மதிலுக்குள், முற்றத்தில், வைக்கோலும் தோலும் போட்டுக் குடியிருந்தார்கள். ஒரு நாள் மேபல் ஓட்ஸ் ரொட்டியைக் கல்லில் போட்டுக்கொண்டே மேலே ஜன்னலைக் காட்டினாள்.

"கொன்னவன் அங்க மெத்தைல தூங்குறான். சாகுறது பூரா கீழ்வீட்டு ஆளுங்க. கணக்கு எங்கயோ இடிக்குதே."

"பேரு ஒண்ணுன்னா எல்லாத்துக்கும்தான்," என்றான் பார்ட்டி.

"அப்ப அவங்களும் ஒரு தடவ செத்துப் பாக்கட்டும்."

அறுவடைக்கு முன்னால் இரு பக்கமும் களைத்துவிட்டன. ரோலண்டும் ஹம்ஃப்ரியும் மாதா கோயில் முகப்பில் சந்தித்தார்கள். பாதிரியார் மட்டும் கூட இருந்தார். ஆட்கள் வெளியே மழையில் குதிரைமேல் காத்திருந்தார்கள். நெடுநேரம் பேசி, இருவரும் வேதப் புத்தகத்தில் கை வைத்துவிட்டு வந்தார்கள். ரத்தத்துக்கு ஈடாக மாடுகள் கொடுப்பதென்று முடிவாகியிருக்கிறது, மாடுகள் சேரும்வரை தார்லி ரத்தத்தில் ஒருவன் அவர்கள் வீட்டில் பிணையாக இருக்க வேண்டும் என்று ரோலண்ட் சொன்னார். அப்படிப் பிணை அனுப்புவது வழக்கம்தான். பிணையாகப் போனவனை யாரும் தொட மாட்டார்கள்.

அன்று மாலை ரோலண்ட் பார்ட்டியை மேலே கூப்பிட்டார். தன் கிண்ணத்திலேயே ஒயின் ஊற்றிக் கொடுத்தார். கேவனை அனுப்ப முடியாது, வேறு தம்பியும் எனக்கு இல்லை, இருப்பது நீதான் என்றார். பார்ட்டி அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை. அம்மா பேரில் வளர்ந்தவனை இன்று கோபுரத்து ரத்தம் என்று அனுப்புகிறார்கள்.

மேபலுக்குப் பிடிக்கவில்லை. ரோலண்ட் தார்லி தன் கிண்ணத்தில் யாருக்கும் ஊற்றிக் கொடுத்து அவள் பார்த்ததில்லை. அதைச் சொன்னாள். பார்ட்டி நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பெலிங் வீட்டில் அவனுக்கு ஆட்டுக்கறியும் பீரும் கொடுத்தார்கள். ஹம்ஃப்ரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நீ ஜெரார்டின் மகன்தானே என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றான், நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு. மறுநாள் காலை அவனைப் பின்புறம் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு மரம், அதில் ஒரு கயிறு, பக்கத்தில் அதே பாதிரியார்.

பார்ட்டி பயமுறுத்திப் பார்க்கிறார்கள் என்று நினைத்தான். நான் பிணை, என்னைத் தொட்டால் என் அண்ணன் சும்மா விட மாட்டார் என்றான்.

"உன் அண்ணன் உன்ன பிணையா அனுப்பலப்பா," என்றார் ஹம்ஃப்ரி. "விலையா அனுப்பியிருக்கான். எங்கப்பன் ரத்தம் ஒண்ணு தர்றேன், இதோட முடிச்சுக்கலாம்னு புத்தகத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணான்."

"பொய்."

"இவரு நின்னுக்கிட்டுத்தான் இருந்தாரு. கேட்டுக்க."

பார்ட்டி பாதிரியாரைப் பார்த்தான். அவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு, பாவ மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் கேள், நேரம் இருக்கிறது என்றார்.

கைகளைப் பின்னால் கட்டினார்கள். அவன் இருவரை உதைத்துத் தள்ளினான். மூன்றாவது ஆள் ஈட்டிக் கட்டையால் முழங்காலில் அடித்ததும் விழுந்தான். கழுத்தில் கயிற்றை மாட்டி இழுத்து, கால் தரையைவிட்டு எழும்பிய நேரத்தில் ஹம்ஃப்ரியின் மனைவி எலினோர் வந்தாள். இறக்குங்கள் என்றாள். இறக்கினார்கள். அவள் அவன் பக்கத்தில் ஈர மண்ணிலேயே உட்கார்ந்து, மூச்சு திரும்பும்வரை காத்திருந்தாள்.

"என் மகனக் குத்தினது நீயா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"தெரியும். குத்தினவன காப்பாத்திக் கூட்டிக்கிட்டுப் போனவன் நீ." அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "என் புள்ளைக்கு இவனா ஈடு? அவங்க தொழுவத்துல பொறந்தவன குடுத்தா நீங்களும் வாங்கிக்கிட்டு வந்தீங்களா?"

எலினோர் பார்ட்டியிடம் குனிந்தாள். அவன் தட்டினால் தார்லி கோபுரத்தின் கதவு திறக்குமா என்று கேட்டாள். திறக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் அன்று பகல் முழுவதும் ஒத்துக்கொள்ளவில்லை. கயிறு கழுத்திலேயே இருந்தது. மாலையில், ரோலண்டும் கேவனும் மட்டும், வேறு யார்மீதும் கை படக் கூடாது என்றான். முற்றத்தில் மேபல் இருந்தாள். கீழ்வீட்டார் எல்லோரும் இருந்தார்கள். ஹம்ஃப்ரி வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

விடியற்காலை மூடுபனியில் போனார்கள். குதிரைகளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, பெலிங்குகள் மதிலை ஒட்டிப் படுத்துக்கொண்டார்கள். பார்ட்டி மட்டும், பெலிங்குகள் கொடுத்த குட்டை வாளை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு, நடந்துபோய் மதில் கதவைத் தட்டினான். காவலில் இருந்தவர் ஆன்டன் தார்லி, கீழ்வீட்டுக் கிழவர், குதிரைக்கு லாடம் அடிப்பவர். யார் என்று கேட்டார்.

"பார்ட்டி."

துவாரத்தின் வழியே பார்த்த ஆன்டன், அவன் கழுத்தில் கயிற்றுத் தடத்தைக் கண்டுவிட்டார். "அடப்பாவிங்களா, தொங்கவிடப் பாத்தாங்களா? இரு தம்பி, இரு," என்று இரண்டு தாழ்ப்பாளையும் தள்ளினார். உள்ளே வந்தவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் கை அவன் முதுகில் இருக்கும்போதே பின்னால் பெலிங்குகள் புகுந்தார்கள்.

பார்ட்டி அவரைத் தள்ளிவிட்டு ஓடினான். இரவில் கோபுரத்தின் அடித்தளத்தில் அடைத்த மாடுகளை வெளியே விடுவதற்காக அதன் இரும்புக் கிராதியை அப்போதுதான் தூக்கியிருந்தார்கள். அந்த நேரத்தைச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். ஹம்ஃப்ரியும் நான்கைந்து பேரும் பின்தொடர, மாடுகளுக்கு நடுவே புகுந்து சுழல் படியில் ஏறினான்.

படியின் வளைவில் ரோலண்ட் நின்றிருந்தார். சட்டை போடவில்லை, வாள் கையில் இருந்தது. அந்தப் படியில் ஒரே ஒருவன்தான் ஏற முடியும்.

"பார்ட்டி? உன்ன விட்டுட்டாங்களா?"

"அவங்க விடல. நீங்கதான் விட்டுட்டீங்க."

கீழே சத்தம் கேட்டு ரோலண்டுக்கு எல்லாம் புரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. "உன்னக் குடுக்காம கேவனையா குடுப்பேன்? பெத்த புள்ளடா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், அண்ணே."

அவன் அதற்கு முன் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"சொல்லியிருந்தா போயிருப்பியா?"

"போயிருப்பேன்."

ரோலண்ட் ஒரு கணம் வாளைத் தாழ்த்தினார். பிறகு குத்தினார். அது பார்ட்டியின் தோளைக் கிழித்துக்கொண்டு சுவரில் பட்டது. பார்ட்டி அடியிலிருந்து மேல்நோக்கி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து வாளைச் செருகினான். ரோலண்ட் அவன்மேலேயே சாய்ந்தார். கனமான மனிதர். அவரைச் சுவரோடு சேர்த்து உட்காரவைத்துவிட்டு பார்ட்டி ஒதுங்கினான். பெலிங்குகள் அவர்களைத் தாண்டி மேலே ஏறினார்கள். கேவன் மேல்தளத்தில் நன்றாகத்தான் சண்டை போட்டானாம். இரண்டு பேரைக் காயப்படுத்தினான். கடைசியில் அவனைச் சுவரோரம் வரை நெருக்கி, ஹம்ஃப்ரி கழுத்தில் வெட்டினார். உடலை முற்றத்தில் தள்ளினார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் படியில் உட்கார்ந்திருந்த பார்ட்டிக்கு வெளியிலிருந்து ஒரு குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. பேர் என்ன, பேர் என்ன என்று.

அவன் இறங்கி வந்தான். முற்றத்தில் கீழ்வீட்டு ஆண்களை மதிலோரம் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஹம்ஃப்ரியின் தம்பி மகன், ஆற்றுத் துறையில் அண்ணனைப் பறிகொடுத்தவன், வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தான். ஆன்டன் ஏற்கெனவே கதவருகே கிடந்தார். அவரிடம்தான் முதலில் கேட்டார்களாம். தார்லி என்று சொல்ல அவர் யோசிக்கக்கூட இல்லை. அடுத்த ஆள் தார்லி என்றான். அவன் சொல்லி முடிக்கும் முன் கோடரி இறங்கியது. அதற்கடுத்தவன் தலையைக் குனிந்துகொண்டு, தன் மாமனார் வீட்டுப் பேரைச் சொன்னான். அவனைப் போகவிட்டார்கள். மூன்றாவது ஆளும் வேறு பேர் சொன்னான். அவன் முகத்தைத் தெரிந்த ஒருவன் சிரித்துவிட்டு, இவனும் தார்லிதான் என்றான். அவனையும் வெட்டினார்கள்.

பார்ட்டி படியிறங்கி வந்த ஹம்ஃப்ரியின் கையைப் பிடித்தான். "சத்தியம் பண்ணீங்க."

"நான் பண்ணேன். நான் யாரையும் தொடலையே," என்றார் ஹம்ஃப்ரி. "என் தம்பி மகன் எந்தப் புத்தகத்துலயும் கை வெக்கல." சொல்லும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. கேவனைக் கொன்றதோடு அவர் ஆத்திரம் அடங்கிவிட்டது. ஆனால் தன் ஆட்களைத் தடுக்கும் தைரியம் அவருக்கு இல்லை.

பெண்களைத் தொழுவத்துப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். மேபல் அங்கிருந்து பார்ட்டியைப் பார்த்தாள். உயிரோடு இருக்கிறான் என்று முதலில் அவள் முகம் மலர்ந்தது. அவன் யாருடன் நிற்கிறான் என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

தம்பி மகன் அவனையும் பார்த்துவிட்டான். ரத்தம் சொட்டும் கோடரியோடு வந்து, மற்றவர்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காகக் கேட்டான்: "ஐயா பேரு என்னவோ?"

சிரித்தார்கள். பார்ட்டியும் எட்டி மகன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் போதும், குதிரைகூடக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

"தார்லி," என்றான். சொன்ன வாயோடு வாளை அவன் வயிற்றில் இறக்கினான்.

பெலிங்குகள் என்ன நடந்தது என்று புரிந்துகொள்வதற்குள் இன்னொருவன் விழுந்தான். வரிசையில் நின்றவர்கள் பாய்ந்தார்கள். வைக்கோல் வாரும் கவைக்கோல், குதிரை லாட இரும்பு, கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்தார்கள். ஆன்டனின் மனைவி மார்ஜெரி ஒருவனைப் பின்னாலிருந்து தலைமுடியைப் பிடித்துச் சாய்க்க, மேபல் கரிமண் வெட்டும் மண்வெட்டியால் அவன் முகத்தில் போட்டாள். மிரண்ட மாடுகள் கோபுரத்திலிருந்து வெளியே பாய்ந்து, விழுந்தவர்களை மிதித்தன. பார்ட்டியின் தொடையில் ஈட்டி பாய்ந்து முறிந்தது. அவன் மதிலில் சாய்ந்துகொண்டு வாளை வீசிக்கொண்டே இருந்தான். யார் எந்தப் பக்கம் என்று அவனுக்கே தெரியாமல் போன நேரத்தில் எலினோர் குதிரையில் வந்துசேர்ந்தாள். முற்றத்தில் கிடந்த கேவனைப் பார்த்தாள். இறங்கி, அவன் தலையைப் புரட்டி, அவன்தானா என்று நிச்சயப்படுத்திக்கொண்டாள்.

"போதும். வீட்டுக்கு வாங்க," என்றாள் தன் ஆட்களிடம். அவர்கள் தங்கள் பிணங்களையும் எங்கள் மாடுகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பார்ட்டியை அங்கேயே கொன்றிருப்பார்கள், எங்கள் ஆட்களே. கதவைத் திறக்கச் சொன்னவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். மார்ஜெரி கவைக்கோலோடு அவனருகே போனாள். அவன் தடுக்கவில்லை. மேபல் நடுவில் வந்து நிற்கவும் இல்லை. மார்ஜெரி கடைசியில் கவைக்கோலைக் கீழே போட்டுவிட்டு, கணவனைக் கழுவப் போனாள்.

சில நாள் கழித்து எல்லைக் காவல் அதிகாரி ஆட்களோடு வந்தார். அவருக்கு வேண்டியது ஒரு பேர்தான். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு எதிராகக் கோபுரம் காலியாக இருக்கக் கூடாது. நிலத்துக்கு ஒரு தார்லி பொறுப்பேற்க வேண்டும். ஜெரார்டின் ரத்தத்தில் யார் மிச்சம் என்று விசாரித்தார். மாதா கோயில் வாசலில் ரோலண்ட் சொன்னதைக் கேட்டவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். தன் தம்பியின் கையால்தான் ரோலண்ட் செத்தார் என்று ஒருவரும் அதிகாரியிடம் சொல்லவில்லை. சொன்னால் நிலம் ராணிக்குப் போய்விடும், வேறு எவனோ வருவான். அப்படித்தான் பார்ட்டி, தொடையில் கட்டோடு, தார்லி கோபுரத்துக்கும் நிலத்துக்கும் உரிமையாளன் ஆனான்.

மேபல் மேலே குடிபோனாள். ஆனால் ரோலண்ட் செத்த படியில் அவள் கணவனோடு சேர்ந்து ஏறியதில்லை. அவன் ஏறி முடிக்கும்வரை கீழே நிற்பாள். அவனிடம் பேசாமல் இருந்தாள் என்றும் இல்லை. மாடு, மழை, விதை என்று எல்லாம் பேசினாள். கதவு திறந்த காலையைப் பற்றி மட்டும் அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவன் தானாகச் சொல்ல வந்தபோதெல்லாம் எழுந்து போய்விட்டாள். இரண்டு மகன்கள் பிறந்தார்கள். இன்று பெரிய மாளிகையில் வேட்டை நாய்களோடு இருக்கும் தார்லிகள் எல்லோரும் அந்த இருவரின் வழி வந்தவர்கள்.

கீழ்வீட்டில் பேர் நிலைக்கவில்லை. வேறு பேர் சொல்லித் தப்பியவன் அந்தப் பேரையே வைத்துக்கொண்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராக அம்மா வீட்டுப் பேரையோ, தொழிலின் பேரையோ எடுத்துக்கொண்டார்கள். பார்ட்டி தானே நடந்து மார்ஜெரியிடம் போனான். ஆற்றோர வயலைக் குத்தகையில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள், பேரை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டான்.

"வயல எழுதிக் குடு," என்றாள் மார்ஜெரி. "பேரு ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

அவன் எழுதிக் கொடுத்தான். மார்ஜெரி தன் பிள்ளைகளுக்குத் தன் அப்பா பேரான ஹெப்பிளை வைத்தாள். நாங்கள் அந்த வழி.

பார்ட்டி வயதாகி, ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச் சளியில் இறந்தான். அதற்குள் ராணியும் போய், இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசர் வந்து, பழைய பகைக்காரர்களைத் தேடிப் பிடித்துத் தூக்கில் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. கீழ்வீட்டிலிருந்து அவன் சவப்பெட்டியைத் தூக்க யாரும் வரவில்லை. மகன்கள் இருவரும், அந்தக் காலையோடு பகை ஓய்ந்திருந்த பெலிங் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அங்கிருந்து நான்கு பேர் வந்து தோள் கொடுத்தார்கள். மேபல் பின்னால் நடந்து போனாள். மழை விடாமல் பெய்தது.